கருத்தடை வளையமும் ஆக்டினோமைசிஸ் தொற்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருப்பைக்குள் காப்பர்-டி அல்லது ஹார்மோன் வளையம் பொருத்திக்கொண்டு ஆண்டுக்கணக்கில் எந்தத் தொல்லையும் இல்லாமல் இருக்கும் பெண்களில் மிகச் சிலருக்கு, அடிவயிற்றுக்குள் சத்தமில்லாமல் வளரும் ஒரு பாக்டீரியாத் தொற்று உண்டாகிறது. இடுப்புக்குழி ஆக்டினோமைக்கோசிஸ் என்பது அதன் பெயர். அரிதான நோய் என்பதால் பலரும் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கேள்விப்படுபவர்களில் பெரும்பாலோர், கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டறியச் செய்யும் பாப் சோதனையின் அறிக்கையில் அந்தப் பெயரைத் திடீரெனக் கண்டு பதறிப்போனவர்கள். இதனால் இரண்டு விதமான தவறுகள் நேர்கின்றன. நோயே இல்லாதவர் அச்சத்தில் நல்ல வளையத்தை எடுத்துவிடச் சொல்கிறார். உண்மையிலேயே நோயுற்றவரோ மாதக்கணக்கில் வலியைப் பொறுத்துக்கொண்டு, தமக்குள் ஒரு வளையம் இருப்பதை மருத்துவரிடம் சொல்லவும் மறந்துவிடுகிறார். கீழே உள்ள விடைகள் இந்த இரண்டு தவறுகளையும் மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

ஆக்டினோமைசிஸ் என்பது என்ன வகையான கிருமி?

இது ஒரு பாக்டீரியா. ஆனால் பார்ப்பதற்குப் பூஞ்சையைப் போலக் கிளைவிட்டு, மெல்லிய இழைகளாக வளரும். அந்தத் தோற்றத்தால் ஏமாந்துதான் தொடக்ககால ஆய்வாளர்கள் இதைப் பூஞ்சை என்று எண்ணினார்கள். கிரேக்க மொழியில் 'கதிர்ப் பூஞ்சை' என்று பொருள்படும் பெயரும் அப்படி வந்ததே. மாடுகளின் தாடையில் வரும் கட்டியிலிருந்து 1877-ஆம் ஆண்டில் இது விவரிக்கப்பட்டது. மறு ஆண்டே பெர்லின் நகர அறுவை மருத்துவர் ஜேம்ஸ் இஸ்ரேல் மனிதர்களிடம் இந்நோயை விவரித்தார். மனிதர்களுக்கு நோய் உண்டாக்கும் முக்கிய இனமான ஆக்டினோமைசிஸ் இஸ்ரேலி அவர் பெயரையே தாங்கியுள்ளது.

ஆக்சிஜன் குறைந்த இடத்தில்தான் இந்தக் கிருமி செழிக்கும். நலமான சளிச்சவ்வைத் துளைத்துக்கொண்டு உள்ளே நுழையும் ஆற்றல் இதற்குக் கிடையாது. சவ்வு எங்கேனும் காயப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் வேறு சில பாக்டீரியாக்களும் கூட இருந்து ஆக்சிஜனை உறிஞ்சி இடத்தைப் பக்குவப்படுத்த வேண்டும். அதன் பிறகே இது வேரூன்றுகிறது. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் பின்வரும் பல விடைகள் எளிதில் விளங்கும்.

இது பாலுறவால் தொற்றும் நோயா? என் கணவருக்கும் மருந்து தர வேண்டுமா?

இல்லை. வாய், குடல், பெண்களின் பிறப்புறுப்புப் பாதை ஆகியவற்றில் இயல்பாகவே குடியிருக்கும் நுண்ணுயிர்களுள் இதுவும் ஒன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோயாக இது கருதப்படுவதில்லை. துணைவருக்குச் சோதனையோ மருந்தோ தேவையில்லை. இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கத் தயங்கி, மனத்துக்குள்ளேயே வைத்துப் புழுங்கும் பெண்கள் இருக்கிறார்கள் என்பதால் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: இந்தப் பெயர் அறிக்கையில் வந்திருப்பது யாருடைய ஒழுக்கத்தைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை.

அப்படியானால் கருத்தடை வளையத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வளையம் கருப்பையின் உட்சவ்வோடு ஒட்டியே இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் மேற்பரப்பில் சுண்ணாம்புச்சத்துப் படிவுகள் சேர்ந்து சொரசொரப்பாகின்றன. அந்தப் பரப்பில் நுண்ணுயிர்கள் மென்படலமாக ஒட்டிக்கொள்ள முடிகிறது. உட்சவ்வில் நுண்ணிய உராய்வுக் காயங்களும் ஏற்படலாம். ஒட்டிக்கொள்ள ஒரு பரப்பு, நுழைய ஒரு காயம், துணைக்கு வேறு பாக்டீரியாக்கள் என மூன்றும் கூடிவந்தால்தான் ஆக்டினோமைசிஸ் கருப்பையிலிருந்து கருக்குழாய்க்கும் சினைப்பைக்கும் பரவும் வாய்ப்பு உண்டாகிறது.

கால அளவு இங்கே மிக முக்கியமானது. இந்நோய் கண்டறியப்பட்ட பெண்களில் பெரும்பாலோர் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே வளையத்தை வைத்திருந்தவர்கள். பலர் அதை மாற்ற வேண்டிய காலத்தையும் கடந்து, அது இருப்பதையே மறந்துபோனவர்கள்.

வளையம் இல்லாதவர்களுக்கும் இந்நோய் வராமல் இல்லை. குடல்வால் வெடித்த பிறகு அங்கிருந்து இடுப்புக்குழிக்கு இறங்குவது ஒரு வழி. வயிற்று அறுவைக்குப் பின் வருவது இன்னொரு வழி.

எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் பாப் சோதனை அறிக்கையில் 'ஆக்டினோமைசிஸ் போன்ற நுண்ணுயிர்கள் காணப்படுகின்றன' என்று எழுதியிருக்கிறார்கள். இது ஆபத்தா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதனால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

கருப்பை வாயிலிருந்து எடுத்த செல்களைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும்போது, சில வில்லைகளில் கலைந்த பஞ்சுருண்டையைப் போல ஒரு கருநீலத் திட்டு தெரியும். நடுப்பகுதி அடர்ந்து, விளிம்பில் மட்டும் மெல்லிய இழைகள் நாலாபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும். இதைப் பார்க்கும் நிபுணர் 'ஆக்டினோமைசிஸ் போன்ற' என்று எழுதுவதில் அந்தப் 'போன்ற' என்ற சொல் காரணத்தோடுதான் இருக்கிறது. தோற்றத்தை வைத்து அவர் சொல்கிறாரே தவிர, கிருமியை வளர்த்துப் பார்த்து உறுதி செய்து சொல்லவில்லை. யூபாக்டீரியம் நோடேட்டம் என்ற வேறொரு பாக்டீரியாவும் ஏறத்தாழ இதே தோற்றத்தில் இருக்கும்.

அது ஆக்டினோமைசிஸ்தான் என்றே வைத்துக்கொண்டாலும், அது அங்கே குடியிருக்கிறது என்பது மட்டுமே அறிக்கை தரும் செய்தி. குடியிருப்பது வேறு, நோயுண்டாக்குவது வேறு. வளையம் வைத்திருக்கும் பெண்களில் சுமார் 7 விழுக்காட்டினர் வரை பாப் சோதனையில் இந்த நுண்ணுயிர்கள் காணப்படுவதாக மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. வளையமே இல்லாத பெண்களிடமும் சில வேளைகளில் காணப்படுகின்றன. இவர்களில் இடுப்புக்குழி ஆக்டினோமைக்கோசிஸ் உண்டாகும் அளவுக்குப் போகிறவர்கள் மிக மிகச் சொற்பம்.

ஆகவே அடிவயிற்று வலி, காய்ச்சல், இயல்பை மீறிய வெள்ளைப்படுதல் ஆகிய எதுவும் இல்லாமல், மருத்துவர் கையால் பரிசோதித்தபோதும் வலியோ கட்டியோ தென்படவில்லை என்றால், வளையத்தை எடுக்கவும் தேவையில்லை, ஆன்டிபயாடிக் கொடுக்கவும் தேவையில்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு உட்பட முன்னணி வழிகாட்டுதல்கள் சொல்வது இதுவே. எந்த அறிகுறிகள் வந்தால் உடனே வர வேண்டும் என்பதை அந்தப் பெண்ணுக்குத் தெளிவாகச் சொல்லி அனுப்புவதுதான் இங்கே உண்மையான சிகிச்சை. அறிக்கையை மேசையின் மேல் தள்ளிவிட்டு 'ஒன்றும் இல்லை, போங்கள்' என்று சொல்வது போதாது என்று நான் அழுத்திச் சொல்வேன். ஏனென்றால் ஓராண்டு கழித்து அவருக்கு வலி வந்தால், இந்த அறிக்கையை நினைவில் வைத்துக்கொண்டு எடுத்துச் சொல்ல வேண்டியவர் அவரே.

எதற்கு வம்பு? வளையத்தை எடுத்துவிட்டால் நிம்மதிதானே?

தேவையின்றி எடுப்பதற்கும் ஒரு விலை உண்டு. நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு கருத்தடை முறையை இழக்கிறோம். மாற்று ஏற்பாடு இல்லாமல் எடுத்தால் வேண்டாத கருவுறுதல் நேரலாம். எடுப்பதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள் பாதுகாப்பற்ற உறவு நிகழ்ந்திருந்தாலும் கரு தங்கிவிடக்கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. புதிய வளையம் ஒன்றைப் பொருத்தினால், பொருத்தும் செயலுக்கே உரிய சிறிய தொற்று அபாயம் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இவ்வளவும் இல்லாத ஒரு நோய்க்காக.

வளையத்தின் காலம் ஏற்கெனவே முடிந்திருந்தால் கதை வேறு. அப்போது எடுத்தே ஆக வேண்டும். அறிக்கை வந்தாலும் வராவிட்டாலும்.

நோயாக மாறினால் என்னென்ன அறிகுறிகள் தெரியும்?

மெதுவாக வருவதுதான் இதன் இயல்பு. அடிவயிற்றில் ஒரு மந்தமான வலி வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் விட்டுவிட்டு இருக்கும். லேசான காய்ச்சல் வந்து வந்து போகும். சிலருக்குக் காய்ச்சலே இருக்காது. பசி குறையும், உடல் மெலியும், காரணம் தெரியாத சோர்வு இருக்கும். துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், ஒழுங்கற்ற இரத்தப்போக்கு ஆகியவையும் சிலருக்கு வரும். இரத்தப் பரிசோதனையில் இரத்தசோகையும் வெள்ளணுக்களின் உயர்வும் தெரியும். அழற்சியைக் காட்டும் குறியீடுகளும் கூடியிருக்கும்.

அக்கம்பக்க உறுப்புகளைத் தொற்று நெருக்கத் தொடங்கினால் புதிய அறிகுறிகள் சேரும். மலக்குடல் நெருக்கப்பட்டால் புதிதாக மலச்சிக்கல் ஏற்படும். சிறுநீரகத்திலிருந்து சிறுநீரை இறக்கும் குழாய் நெருக்கப்பட்டால் சிறுநீரகம் வீங்கி விலாவில் வலிக்கும். இந்த நிலையில் பெண்கள் வயிற்று மருத்துவரிடமோ சிறுநீரக மருத்துவரிடமோதான் முதலில் போகிறார்கள். அங்கே கருத்தடை வளையத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இதைப் புற்றுநோய் என்று தவறாக எண்ணிவிடுகிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. இந்நோயில் பெருந்துயரம் விளையும் இடமும் இதுதான்.

பொதுவாகத் தொற்றுகள் திசுக்களின் எல்லைகளை ஓரளவு மதித்து நடக்கும். ஆக்டினோமைசிஸ் அப்படி மதிப்பதில்லை. கருக்குழாய், சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை, வயிற்றுச் சுவர் எது குறுக்கே வந்தாலும் ஊடுருவிக்கொண்டே போகும். போகும் வழியெங்கும் உடல் தழும்புத் திசுவை எழுப்பி அதைத் தடுக்கப் பார்க்கும். விளைவாக உருவாவது நடுவில் சிறு சீழ்ப்பைகளும் சுற்றிலும் மரக்கட்டை போல இறுகிய திசுவும் கொண்ட ஒரு திரள். ஸ்கேனில் அது முறையற்ற விளிம்புகளோடு, பக்கத்து உறுப்புகளைப் பற்றிக்கொண்டு நிற்கும் கட்டியாகத் தெரிகிறது. கையால் தொட்டாலும் அசையாத கெட்டிக் கட்டி. சினைப்பைப் புற்றுநோய்க்குப் பார்க்கப்படும் சி.ஏ.-125 என்ற இரத்தக் குறியீடும் அழற்சியினால் உயர்ந்திருக்கக்கூடும்.

ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். நான்கு மாதங்களில் எட்டுக் கிலோ மெலிந்திருக்கிறார், இரத்தசோகை இருக்கிறது, ஸ்கேனில் இடப்பக்கம் ஒரு பெரிய கட்டி, சி.ஏ.-125 உயர்வு. எந்த மருத்துவருக்கும் முதலில் புற்றுநோய் என்றே தோன்றும். அப்படித் தோன்றுவதில் பிழையும் இல்லை. அதே ஸ்கேன் படத்தில் கருப்பையின் நடுவே ஒரு வெண்கோடாக வளையமும் தெரிந்துகொண்டிருக்கும். ஆனால் எல்லோருடைய கண்ணும் கட்டியின் மேல் இருப்பதால், அந்தக் கோடு யாருடைய கவனத்துக்கும் வராமல் போய்விடலாம். கருப்பையும் இரு சினைப்பைகளும் அகற்றப்பட்டு, திசு ஆய்வுக்குச் சென்று, அங்கிருந்து விடை வரும்போதுதான் இது மருந்தால் ஆறியிருக்கக்கூடிய தொற்று என்று தெரியவரும். அறுவைக்கு முன்பே இந்நோய் சரியாக இனங்காணப்படுவது பத்தில் ஒருவருக்குக் கூட இல்லை என்று மருத்துவ நூல்கள் தொடர்ந்து பதிவு செய்து வருகின்றன.

புற்றுநோய் ஐயத்தை ஒதுக்கிவைக்கச் சொல்லவில்லை. ஐயம் இருந்தால் அதை முழுமையாக ஆராயத்தான் வேண்டும். நீண்டகால வளையமும் இடுப்புக்குழிக் கட்டியும் சேர்ந்து வந்தால் இந்தத் தொற்றின் பெயரும் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதே வேண்டுகோள்.

நோயை எப்படி உறுதி செய்கிறார்கள்?

சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஐயத்தை எழுப்பும், உறுதி செய்யாது. உறுதி செய்வது திசுவும் சீழும்தான். ஊசி வழியாக எடுத்த சீழிலோ அகற்றிய திசுவிலோ கடுகைவிடச் சிறிய மஞ்சள் மணிகள் சில நேரம் கண்ணுக்கே தெரியும். கந்தகத்தின் நிறத்தில் இருப்பதால் இவற்றுக்குக் கந்தக மணிகள் என்று பெயர். உண்மையில் இவற்றில் கந்தகம் இல்லை. ஒரு மணியை நசுக்கிச் சாயமேற்றினால், பின்னிப் பிணைந்த பாக்டீரியா இழைகளின் முடிச்சு அது என்பது விளங்கும்.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை கடினமானது. மாதிரி ஆக்சிஜன் படாமல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அங்கே வழக்கமான இரண்டு மூன்று நாட்களுக்குப் பதிலாக இரண்டு வாரங்களுக்கு மேலும் வைத்துப் பார்க்க வேண்டும். முன்பே ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் கிருமி வளராமலே போகலாம். அதனால் 'எதுவும் வளரவில்லை' என்ற அறிக்கை நோய் இல்லை என்று பொருள்படாது. ஆய்வகத்துக்கு அனுப்பும் தாளில் 'ஆக்டினோமைசிஸ் ஐயம்' என்று மருத்துவர் ஒரு வரி எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. எடுத்த வளையத்தையும் குப்பையில் போடாமல் சோதனைக்கு அனுப்புவது நல்லது.

சிகிச்சை ஏன் மாதக்கணக்கில் நீள்கிறது?

மருந்து எளியது, பழையது: பெனிசிலின். இந்தக் கிருமி இன்றைக்கும் அதற்கு நன்றாகக் கட்டுப்படுகிறது. சிக்கல் மருந்தின் வலிமையில் இல்லை, அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருக்கிறது. இறுகிய தழும்புத் திசுவுக்குள் இரத்த ஓட்டம் மிகக் குறைவு. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அதனால்தான் அதிக அளவும் நீண்ட காலமும் தேவைப்படுகின்றன. கடுமையான நோயில் நாளொன்றுக்கு 1.8 கோடி முதல் 2.4 கோடி யூனிட் வரை பெனிசிலின், நரம்பு வழியாக இரண்டு முதல் ஆறு வாரங்கள் தருவதும், அதன்பின் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்கள் பெனிசிலின் அல்லது அமாக்சிசிலின் மாத்திரையாகத் தருவதும் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். நோயின் பரவலையும் ஸ்கேனில் தெரியும் முன்னேற்றத்தையும் பார்த்து இந்தக் காலத்தைக் குறைப்பதும் உண்டு. பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு டாக்சிசைக்ளின், கிளிண்டாமைசின் போன்றவை பயன்படுகின்றன.

மெட்ரோனிடசோல் இந்தக் கிருமியை எதுவும் செய்யாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பெரும்பாலான பாக்டீரியாக்களைக் கொல்லும் மருந்து அது. வெள்ளைப்படுதலுக்கும் அடிவயிற்று வலிக்கும் அடிக்கடி எழுதித் தரப்படுவதும் அதுவே. அதைச் சாப்பிட்டுவிட்டு 'மருந்து எடுத்தேன், வலி போகவில்லை' என்று திரும்பி வரும் பெண்ணின் குறையைத் தட்டிக் கழிக்கக் கூடாது.

இரண்டு மூன்று வாரங்களிலேயே வலி நின்று, பசி எடுத்து, முகம் தெளிந்துவிடும். மாத்திரையை நிறுத்திவிடத் தோன்றும் நேரம் அதுதான். பாதியில் நிறுத்தினால் தழும்புக்குள் ஒளிந்திருக்கும் கிருமி மீண்டும் தலைதூக்கும்.

வளையத்தை எடுக்க வேண்டுமா? அறுவை கட்டாயமா?

நோய் உறுதியானாலோ வலுவான ஐயம் இருந்தாலோ வளையத்தை எடுத்துவிட வேண்டும். கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும் பரப்பு உள்ளே இருக்கும்வரை மருந்து முழுப் பலன் தராது. அறுவை எல்லோருக்கும் தேவைப்படாது. பெரிய சீழ்க்கட்டியை ஸ்கேன் துணையோடு குழாய் வைத்து வடிக்கலாம். குடல் அடைத்துக்கொண்டால், சீழ் வடியாமல் நின்றால், புற்றுநோய் ஐயம் தீராவிட்டால் அறுவை வேண்டியிருக்கும். பெரிய கட்டிகள்கூட மருந்தாலேயே கரைந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. ஆகவே நோய் இன்னதென்று முன்பே தெரிந்துவிட்டால், உறுப்புகளை அகற்றும் பெரிய அறுவையைத் தவிர்க்க நல்ல வாய்ப்பு உண்டு.

வளையம் பொருத்திய சில நாட்களிலேயே காய்ச்சலும் வலியும் வந்தால் அதுவும் இந்தத் தொற்றுதானா?

பெரும்பாலும் இல்லை. ஆக்டினோமைசிஸ் ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். முதல் நாட்களில் வருவது வேறு பாக்டீரியாக்களால் உண்டாகும் இடுப்புக்குழி அழற்சி. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகளில் 22,908 வளையப் பொருத்தல்களைத் தொகுத்து 1992-இல் வெளியான கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டியது: முதல் 20 நாட்களில் ஆயிரம் பெண்-ஆண்டுகளுக்கு (ஆயிரம் பெண்களை ஓராண்டு கவனித்ததற்குச் சமமான கணக்கு) 9.7 என்றிருந்த தொற்று வீதம், அதற்குப் பின் 1.4 ஆகக் குறைந்தது. தொற்றின் பெரும்பங்கு பொருத்தும் செயலோடு தொடர்புடையது, வளையம் உள்ளே இருப்பதோடு அல்ல என்ற புரிதல் அதிலிருந்து வலுப்பெற்றது. இந்தச் சாதாரண அழற்சிக்கு வளையத்தை வைத்துக்கொண்டே மருந்து தொடங்கலாம். 48 முதல் 72 மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் எடுப்பதைப் பற்றி முடிவு செய்வார்கள்.

ஆனால் ஒரு விதிவிலக்கை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா, மிக அரிதாக, வளையம் பொருத்திய சில மணி நேரங்களிலோ சில நாட்களிலோ உயிருக்கே ஆபத்தான தொற்றை உண்டாக்கும். பொருத்தியபின் பலருக்கும் வரும் இழுத்துப் பிடிக்கும் வலி நேரம் ஆக ஆகக் குறையும். இதில் வலி ஏறிக்கொண்டே போகும், தாங்க முடியாத அளவுக்குப் போகும். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், படபடப்பு, தலைசுற்றல் சேரும். இரவாக இருந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அவசரப் பிரிவுக்குப் போய், வளையம் பொருத்தி எத்தனை நாள் ஆயிற்று என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும்.

காப்பர்-டி, ஹார்மோன் வளையம் இரண்டில் எதில் இந்த அபாயம் குறைவு?

ஹார்மோன் வளையம் வைத்திருப்பவர்களின் பாப் சோதனையில் இந்த நுண்ணுயிர்கள் குறைவாகவே காணப்படுகின்றன. ஆனால் நோய் இரண்டிலும் மிக அரிது. இந்த ஒரு காரணத்துக்காக ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறுவது பொருளற்றது.

பழைய காலத்தில் வளையத்தால் பெண்கள் இறந்ததாகச் சொல்கிறார்களே?

அது டால்கன் ஷீல்டு என்ற வளையத்தின் கதை. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பரவலாக விற்கப்பட்டு, கடும் தொற்றுகளும் இறப்புகளும் வெளிவந்தபின் 1974-இல் அங்கே விற்பனை நிறுத்தப்பட்டது. அதன் வால்நூல் ஒற்றை இழையாக இல்லாமல், நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளை ஓர் உறைக்குள் அடைத்ததாக இருந்தது. விளக்குத் திரி எண்ணெயை மேலேற்றுவது போல, யோனியிலிருந்த பாக்டீரியாக்களை அந்த நூல் கருப்பைக்குள் ஏற்றியது. இன்றைய வளையங்களின் நூல் ஒற்றை இழையால் ஆனது. அந்த அச்சத்தை இன்றைய வளையத்தின் மேல் ஏற்றுவது நியாயமில்லை.

மாதவிடாய் நின்றுவிட்டது. வளையம் உள்ளே இருந்துவிட்டுப் போகட்டுமே?

வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு, மருத்துவர் சொல்லும் கால அளவு கடந்ததும், வளையத்துக்கு உள்ளே வேலை எதுவும் இல்லை. மறந்துபோன வளையத்தோடு அறுபதைக் கடந்த பெண்களுக்கும் இந்தத் தொற்று வந்திருக்கிறது. நாள் தள்ளத் தள்ள கருப்பை சுருங்கி, அதன் வாய் குறுகி, நூல் உள்ளே இழுக்கப்பட்டு, எடுப்பதும் கடினமாகிறது. பிரசவத்துக்குப் பின் பொருத்தியதைப் பிள்ளைகளுக்குத் திருமணமாகும்வரை நினைக்காமலே இருந்தவர்கள் உண்டு. உங்கள் தாயாரிடமோ மாமியாரிடமோ ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கூச்சத்தால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

நோய் குணமான பிறகு குழந்தை பெற முடியுமா?

பலரால் முடியும். கருக்குழாயில் தழும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. குழாய் பாதிக்கப்பட்டிருந்தால் கருப்பைக்கு வெளியே கரு தங்கும் அபாயம் கூடுதலாக இருக்கும் என்பதால், மாதவிடாய் தள்ளிப்போனதும் முதல் வாரங்களிலேயே ஸ்கேன் செய்து கரு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்து முடியும்வரை கருவுறாமல் இருப்பது நல்லது. எந்த முறையில் என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது நான் என்ன சொல்ல வேண்டும்?

எந்த ஆண்டில், எந்த வகை வளையம் பொருத்தப்பட்டது. அதை எப்போது மாற்ற வேண்டும் என்றார்கள். கடைசி பாப் சோதனையில் என்ன எழுதியிருந்தது. வலி எத்தனை வாரமாக இருக்கிறது. உடல் எடை எவ்வளவு குறைந்திருக்கிறது. இதுவரை என்னென்ன ஆன்டிபயாடிக் எடுத்தீர்கள். மகப்பேறு மருத்துவரிடம் மட்டுமல்லாமல், வயிற்று மருத்துவர், அறுவை மருத்துவர், ஸ்கேன் எடுப்பவர் என யாரிடம் போனாலும் இதைச் சொல்லுங்கள். வளையம் பொருத்தியபோது தந்த சிறிய அட்டையில் தேதி இருக்கும். அது தொலைந்துபோயிருந்தால், நினைவில் உள்ள ஆண்டை இன்றே ஒரு தாளில் எழுதி மற்ற மருத்துவ அறிக்கைகளோடு சேர்த்து வையுங்கள். கைபேசியில் படமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.